கோட்டுப் பொத்தானுக்கு நடுவே ஒரு லென்ஸ்

இன்றைக்கு எபிசோடை ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இருந்து தொடங்குகிறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

போன மாதம் ஒரு காலையில் எங்கள் குடும்ப குரூப்பில் பெரியப்பா ஒரு 'இனிய காலை வணக்கம்' அனுப்பியிருந்தார். வழக்கமாக ரோஜாப்பூ வரும், இல்லையென்றால் முருகர் வருவார். அன்றைக்கு ஒரு மனிதரின் படம். ஆரஞ்சு நிறச் செண்டுமல்லிச் சரங்களைக் கயிறு மாதிரிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணை இடுக்கி எங்கேயோ பார்க்கிறார். படத்தின் மேல் தடித்த எழுத்தில் 'வறுமையிலும் நேர்மை' என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கும்பிடு.

அந்தப் படத்தை எடுத்தது நான்.

2018 டிசம்பர், கொல்கத்தா. ஹவுரா பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் என்று ஒரு பூச்சந்தை. கேமரா வைத்திருக்கும் யாரும் கொல்கத்தா போனால் அங்கே போகாமல் திரும்ப மாட்டார்கள். நானும் விடியற்காலையிலேயே போய், ஆற்றுக்கு இறங்கும் படியில் ஓரமாக நின்று, ஜூம் லென்ஸ் வழியாக ஒரு மணி நேரம் ஆட்களை எடுத்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் இருபதடியாவது இருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் படத்தின் அழகு என்று அப்போது நினைத்தேன். இன்ஸ்டாவில் போட்டேன், நிறைய லைக். அங்கிருந்து யாரோ எடுத்து, யாரோ வரி எழுதி, சுற்றிச் சுற்றி எங்கள் பெரியப்பா போனுக்கே வந்துவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன், ஒத்துக்கிறேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவரைக் கேட்டியாடி?"

"கேட்டா போஸ் குடுத்துருவாரும்மா. இயல்பா இருக்காது."

"போஸ் குடுத்தா என்ன? அவர் மூஞ்சிதானே, அவருக்குப் புடிச்ச மாதிரி வெச்சுக்கட்டும்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "அவருக்கு வறுமைன்னு இவங்களுக்கு யார் சொன்னா?" நியாயம்தானே. அந்தச் சந்தையில் அவர் மொத்த வியாபாரியாகக்கூட இருந்திருக்கலாம். எங்கள் பெரியப்பாவைவிட வசதியாகவும் இருக்கலாம்.

அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் நான் எப்போதும் செய்கிற வேலையைச் செய்தேன், பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். தேடத் தேட ஒன்று தெரிந்தது. கேண்டிட் போட்டோகிராஃபியின் வரலாறு பெரும்பாலும் ஒளிந்துகொள்வதன் வரலாறாக இருக்கிறது. எடுக்கப்படுகிறவர் திரும்பிப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லிவிடக்கூடிய அந்த ஒரு நொடி வராமல் இருக்க, பெரிய பெரிய கலைஞர்கள் எல்லாம் என்னென்ன தந்திரம் செய்திருக்கிறார்கள் தெரியுமா?

முதலில் பாரிஸ், 1838. லூயி டகேர் தன் ஜன்னலில் இருந்து பூல்வார் து தாம்ப்ல் என்ற பரபரப்பான தெருவைப் படமெடுக்கிறார். அன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு படம் பதிய சில நிமிடங்கள் பிடிக்கும். அதனால் நடந்து போன மனிதர்கள், குதிரை வண்டிகள் எதுவுமே தகட்டில் விழவில்லை. தெரு காலியாக இருக்கிறது. ஒரே ஒருவர் மட்டும் மூலையில் நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றதால் பதிந்துவிட்டார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவராக அவரைத்தான் சொல்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. ஆக, தெரியாத ஒருவரைத் தெரியாமல் எடுப்பதில்தான் இந்தக் கலையே ஆரம்பிக்கிறது!

டகேர் ஒன்றும் ஒளியவில்லை, பாவம். அவருடைய கேமராவை ஒளிக்கவும் முடியாது. ஒளிக்கிற வசதி பின்னால் வந்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கு ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்துக்குத் தபாலில் அனுப்பினால், பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். கையில் கேமராவோடு யார் யாரோ கடற்கரையிலும் பூங்காவிலும் திரிய ஆரம்பித்தார்கள். பத்திரிகைகள் இவர்களுக்குக் 'கோடக் பிசாசுகள்' என்று பெயர் வைத்தன. 'டிடெக்டிவ் கேமரா' என்றே ஒரு வகை விற்றது, பார்த்தால் கேமரா என்று தெரியாத பெட்டி.

இரண்டே வருஷத்தில் எதிர்வினை வந்தது. 1890 டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடனடிப் போட்டோக்களும் பத்திரிகைகளும் மனிதரின் அந்தரங்கத்துக்குள் புகுந்துவிட்டன. தன்னைத் தன்பாட்டுக்கு விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பது அவர்கள் வாதம். இன்றைக்கு நாம் பிரைவசி, பிரைவசி என்று சொல்கிறோமே, அந்தச் சட்டப் பேச்சு சூடுபிடித்த இடம் இது.

கட்டுரை எழுதிவிட்டால் போதுமா? 1902இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வழக்கு. ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலே ஒரு மாவு கம்பெனி விளம்பரத்தில் போட்டுவிட்டது. ஒன்றிரண்டு இல்லை, 25,000 போஸ்டர். கடைகளிலும் மதுக்கூடங்களிலும் தன் முகம் தொங்குவதைக் கண்ட அவர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். 15,000 டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 4-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். அப்படி ஒரு உரிமையே சட்டத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டார் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர்.

இதற்கு ஒரு வால் உண்டு, சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதே பார்க்கர் 1904இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் வேட்பாளராக நின்றார். எங்கே போனாலும் கேமராக்காரர்கள் விரட்டுகிறார்கள், நிம்மதியாக நிற்க முடியவில்லை என்று அலுத்துக்கொண்டார். உடனே அந்தப் பெண் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: அப்படி ஒரு உரிமை கிடையாது என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னவர் நீங்கள்தானே, ஐயா? செம இல்ல?

தீர்ப்பைக் கேட்டு ஊரே கொதித்ததில், 1903லேயே நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது: உயிரோடு இருக்கும் ஒருவரின் படத்தை, அவர் எழுத்தில் சம்மதம் தராமல், விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. 'விளம்பரம், வியாபாரம்' என்ற இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கழித்து அதே ஊரில் திரும்ப வரும்.

ஜெர்மனியில் இதே மாதிரி சட்டம் வரக் காரணமாக இருந்தது ஒரு பிணம். 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு போட்டோகிராபர்கள் அவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து உடலைப் படமெடுத்தார்கள். அந்தச் சர்ச்சையின் தொடர்ச்சியாகத்தான் 1907இல் ஒருவரின் உருவத்தின் மேல் அவருக்கே உரிமை என்று எழுதி வைத்தார்கள்.

சரி, கலைஞர்களிடம் வருவோம். 1916, நியூயார்க். பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞர் தெருவில் போகும் சாதாரண மனிதர்களை, அவர்களுக்குத் தெரியாமல், ரொம்பக் கிட்டத்தில் எடுக்க ஆசைப்பட்டார். கேமராவோ பெரிசு. என்ன செய்தார் என்றால், கேமராவின் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு பொய் லென்ஸை மாட்டினார். உண்மையான லென்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். எடுக்கப்படுகிறவர், 'இந்த ஆள் வேற யாரையோ எடுக்கிறான்' என்று நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் அவர் எடுத்த தெருப் படங்களிலேயே மிகப் புகழ்பெற்றது ஒரு பார்வையற்ற பெண்ணின் படம். கல்லால் ஆன சுவர். அதன் முன் அந்த அம்மா. கழுத்தில் 'பார்வையற்றவர்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை. அதற்கு மேல், தெருவில் வியாபாரம் செய்ய நகரம் கொடுத்த உரிம வில்லை. 1917இல் 'கேமரா வொர்க்' என்ற இதழின் கடைசிப் பிரதியில் வெளியானது. இன்றைக்குப் பெரிய மியூசியங்களில் இருக்கிறது. வாக்கர் எவன்ஸ் போன்ற அடுத்த தலைமுறைக்காரர்களை அசைத்துப் போட்ட படம். அந்த அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. வில்லையில் இருக்கும் எண் மட்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது: 2622.

அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். என்னை உலுக்கிய படம், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு அப்புறம் பார்த்தபோது, கேமராவைப் பார்க்கவே முடியாத ஒருவர் இந்தக் கலையின் பிள்ளையார் சுழியாக அமைந்துவிட்டாரே என்றுதான் தோன்றியது.

அடுத்தவர் எவன்ஸ். 1938 முதல் 1941 வரை, நியூயார்க் பாதாள ரயிலில். 35 மில்லிமீட்டர் கான்டாக்ஸ் கேமராவின் பளபளப்பான பாகங்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேலே கோட்டுப் போட்டுக்கொண்டார். இரண்டு பொத்தானுக்கு நடுவில் லென்ஸ் எட்டிப் பார்க்கும். ஷட்டருக்கு ஒரு ஒயர், கோட்டுக் கை வழியாக உள்ளங்கைக்கு வரும். எதிர் சீட்டில் உட்கார்ந்து, வியூஃபைண்டரே பார்க்காமல், கைக்குள் மெல்ல அழுத்துவார். சந்தேகம் வராமல் இருக்கச் சில நாள் ஹெலன் லெவிட் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வார். லெவிட்டும் சளைத்தவர் இல்லை. எதிரே பார்ப்பது போல இருந்துகொண்டு பக்கவாட்டில் எடுக்கிற வியூஃபைண்டர் அவரிடம் இருந்தது.

600-க்கும் மேல் படங்கள். தூங்கி வழிபவர், பேப்பர் படிப்பவர், ஒன்றும் யோசிக்காமல் வெறித்துப் பார்ப்பவர். மெட்ரோவில் நம்ம மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும், போனை உள்ள வச்சா. அத்தனையும் எடுத்துவிட்டு எவன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? புத்தகமாகப் போடவில்லை. 25 வருஷம் கழித்து, 1966இல்தான் 89 படங்களோடு 'மெனி ஆர் கால்டு' என்று வெளியிட்டார். எடுத்த ராத்திரியே அப்லோடு செய்கிற என் மாதிரி ஆளுக்கு அந்த 25 வருஷத்தை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

இனி நம்ம ஹீரோ. ஸ்ட்ரீட் போட்டோகிராஃபி பழகிய எல்லாரும் முதலில் கேள்விப்படும் பெயர், ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன். 1932இல் லைக்கா கேமரா வாங்கினார். கையளவு கேமரா, சினிமா ஃபிலிம் அளவு. அதன் பளபளப்பையும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். ஃபிளாஷ் போட மாட்டார், அது அநாகரிகம் என்பது அவர் கட்சி. 1952இல் வந்த அவருடைய புத்தகத்தை ஆங்கிலத்தில் 'டிசைசிவ் மொமண்ட்' என்று உலகமே அறியும். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது, இல்லையா? பிரெஞ்சில் அவர் வைத்த தலைப்பு அப்படி இல்லை: 'இமாழ் ஆ லா சோவெத்'. 'ஆ லா சோவெத்' என்பது லைசென்ஸ் இல்லாமல் பிளாட்பாரத்தில் கடை போடுகிறவர்கள் சம்பந்தப்பட்ட சொல். போலீஸ் தலை தெரிந்ததும் துணியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாக்கிக்கொண்டு ஓடுவார்களே, கார்ப்பரேஷன் லாரி வந்தால் பாண்டி பஜாரில் நடந்த அதே காட்சி. அப்படி அவசரத்தில், மறைவாக எடுத்த படங்கள் என்று அர்த்தம். தான் என்ன செய்கிறோம் என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அவர் இந்தியாவுக்கு வந்தது 1947இல். மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். 1948இல் ஸ்ரீநகரில் எடுத்த ஒரு படம் உண்டு. மலைச்சரிவில் சில பெண்கள் நிற்கிறார்கள், விடியல், தூரத்தில் மலைகள், ஒருவர் இரண்டு கைகளையும் ஏந்தியிருக்கிறார். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்களின் முதுகு. பிரார்த்தனையில் இருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு கேமரா நின்றது. ஆனாலும் அந்தப் படத்தில் யாருடைய முகமும் களவு போன மாதிரி எனக்குத் தோன்றுவதில்லை. என் ரசனை என்னை ஏமாற்றுகிறதோ என்னவோ.

1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி உடல்நலம் குன்றியிருந்த கடைசி நாட்கள். ஏப்ரல் 14 இரவு வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் போனதைப் பார்த்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8:47. ரமணர் உயிர் பிரிந்த நேரம். அதற்குச் சில நாள் முன்பு ரமணரை அவர் படமெடுத்தும் இருக்கிறார். எனக்கு அந்தப் படங்களில் பிடித்த விஷயம், அவை எவையும் ஒளிந்து எடுத்தவை இல்லை. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் பாட்டுக்கு இருக்கிறார். கேட்டால் இயல்பு போய்விடும் என்று நான் அம்மாவிடம் சொன்னேனே, அந்த வாதம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

இன்னொரு செய்தி. ஊர் ஊராகப் போய் எல்லாரையும் எடுத்த கார்ட்டியே-பிரஸ்ஸோனுக்குத் தன்னை யாராவது படமெடுத்தால் சுத்தமாகப் பிடிக்காது. முகம் தெரிந்துவிட்டால் தெருவில் வேலை செய்ய முடியாது என்பது காரணம். காரணம் சரிதான். ஆனா கேக்கும்போது அந்த நீதிபதி ஞாபகம் வருதா இல்லையா?

ஒளியாமல் நேராக எடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், ஒரு பச்சைக் கண் சிறுமியைச் சொல்ல வேண்டும். 1984இல் பெஷாவர் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் போர்ட்ரெய்ட். 1985 ஜூன் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' அட்டை. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்று. ஆனால் 2002 வரை அவருக்கு நம்மிடம் பெயரே இல்லை. அந்த வருஷம்தான் பத்திரிகையின் குழு தேடிக் கண்டுபிடித்தது: ஷர்பத் குலா. தன் படத்தை அவர் முதல்முறை பார்த்ததும் அப்போதுதான். 2016இல், போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் அவரைக் கைது செய்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். 2021இல் இத்தாலி அவருக்கு இடம் கொடுத்தது. இத்தனை ஊரில் இத்தனை பேருக்குத் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு ஓர் அகதி எங்கே போய் மறைவாக வாழ முடியும்?

அந்த 'விளம்பரம், வியாபாரம்' சட்டத்துக்கு வருகிறேன். 1999 முதல் 2001 வரை பிலிப்-லோர்கா டிகார்சியா நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் சாரத்தில் ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டிவிட்டு, தூரத்தில் நீள லென்ஸோடு நின்றார். குறித்து வைத்த இடத்தில் யார் கால் வைத்தாலும் விளக்கு மின்னும், படம் விழும். ஆயிரக்கணக்கில் எடுத்து 17-ஐத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் 10 பிரதி, விலை 20,000 டாலருக்கு மேல். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற வைர வியாபாரி, ஆசாரமான யூதர். உருவம் செதுக்கவோ வணங்கவோ கூடாது என்ற கட்டளையைத் தன் மதத்தின்படி கடைப்பிடிப்பவர். 2005இல்தான் அவருக்கு விஷயமே தெரிய வந்தது. மாவு போஸ்டர் பெண்ணால் வந்த அதே சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது வியாபாரம் இல்லை, கலை. தவிர, வழக்குப் போட ஓராண்டுதான் கெடு, அதுவும் தாண்டிவிட்டது. தனக்குத் தெரியாமல் எடுத்த படத்துக்கு, தெரியாமலே கெடுவும் முடிந்துவிடுகிறது.

கலையின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் போராட்டத்தையோ போலீஸ் தடியடியையோ எடுக்கிறவர் ஒவ்வொரு முகத்திடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதை நான் விரும்பவில்லை.

நம் ஊரில்? தன்னைத் தன்பாட்டுக்கு விடச் சொல்லும் உரிமை என்ற அந்த 1890 பேச்சு நம் உச்ச நீதிமன்றத்தில் அழுத்தமாக எழுதப்பட்டது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். 1994, 'நக்கீரன்' பத்திரிகை ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட்ட வழக்கு. அதில் பத்திரிகை ஜெயித்தது, கூடவே பிரைவசி உரிமையும் ஏட்டில் ஏறியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். ஆனால் மல்லிக் காட்டில் பூ விற்கிறவர் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. அவர் படம் தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுவது அவருக்குத் தெரியப் போவதும் இல்லை.

நான் ஸ்ட்ரீட் போட்டோகிராஃபியை விட்டுவிடவில்லை. இப்போது ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். 35 மில்லிமீட்டர் மட்டும். கிட்டப் போனால்தான் முகம் கிடைக்கும், கிட்டப் போனால் அவரும் என்னைப் பார்த்துவிடுவார். எடுத்த பிறகு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் நம்பர் கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். இந்த ஜனவரியில் ஹம்பியில் ஆற்றைக் கடக்கும் படகில் ஒரு பாட்டி பார்த்துவிட்டுக் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்த டிரிப்பிலேயே நல்ல ஃபிரேம் அதுதான். அவர் முன்னாலேயே டெலிட் செய்தேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க வயிறெரிச்சல், பொய் சொல்ல மாட்டேன்.

கொல்கத்தா படத்தை இன்ஸ்டாவில் இருந்து எடுத்துவிட்டேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பெரியப்பா போன வாரமும் அதையே அனுப்பியிருந்தார், இந்த முறை வேறு வரியோடு. 'இந்தப் படம் வேண்டாமே பெரியப்பா' என்று எழுதினேன். 'ஏம்மா, நல்லாத்தானே இருக்கு, யார் எடுத்தாங்களோ' என்று பதில் வந்தது. கட்டைவிரல் ஈமோஜி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.